டயாலிசிஸுக்கு முந்தைய ஆண்டுகள்

சிறுநீரகச் செயலிழப்பு என்றால் என்ன என்பதைத் தமிழ்நாடு பரவலாகத் தெரிந்துகொண்டது 1984 அக்டோபரில். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறகு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அண்ணன் மகள் லீலாவதி தந்த சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி மறுபடியும் முதல்வரானார். 1987 டிசம்பர் வரை வாழ்ந்தார். அந்த நாட்களில் டீக்கடை பெஞ்சுகளில்கூட டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சாகவே இருந்தது.

ஆனால் நாடு பார்த்தது நோயின் கடைசி அத்தியாயத்தை மட்டும்தான். சர்க்கரை நோய் சிறுநீரகத்தை அரிக்க வழக்கமாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. இன்றும் போதுமான அளவுக்குப் பேசப்படுவதில்லை. டயாலிசிஸ் எந்திரங்கள் பெருகியிருக்கின்றன, காப்பீடு வந்திருக்கிறது, மாவட்டத் தலைநகர்தோறும் சிகிச்சை கிடைக்கிறது. இருந்தும் நோயாளிகளில் பலர் மூச்சுத் திணறி, முகம் வீங்கி, நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வந்து, கழுத்தில் குழாய் போட்டுத்தான் தங்கள் முதல் டயாலிசிஸைத் தொடங்குகிறார்கள். தயாராகக் கிடைத்த காலம் முழுவதும் பயத்திலும் மறுப்பிலும் கரைந்துபோகிறது. சிறுநீரக நோயாளிக்கு உண்மையில் மிகப் பெரிய உதவி செய்யக்கூடிய காலம் அதுதான்.

ஓசையில்லாமல் குறையும் உறுப்பு

ஒவ்வொரு சிறுநீரகமும் ஏறத்தாழ 150 கிராம் எடை. உள்ளே சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு இரத்த நீரை வடிகட்டி, ஏறக்குறைய எல்லாவற்றையும் உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இரத்தம் ஊற உதவும் எரித்ரோபாய்ட்டின் அங்கேதான் சுரக்கிறது. வைட்டமின் டி செயல்படும் வடிவம் பெறுவதும் அங்கேதான். இரத்த அழுத்தத்தை நிலைநிறுத்துவதிலும் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் சிறுநீரகம் பழுதானவருக்குக் கழிவு தேங்குவதோடு இரத்தசோகை, எலும்புத் தேய்வு, கட்டுக்கடங்காத அழுத்தம் எல்லாம் கூடவே வருகின்றன.

செயல்திறனில் பாதிக்கு மேல் இழந்தாலும் உடல் எதையும் காட்டிக்கொடுக்காது. வலி இருக்காது, சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும். "எனக்குத்தான் நல்லா யூரின் போகுதே" என்று நோயாளி வாதாடுவது இதனால்தான். போகும் நீரின் அளவு குறையாமலே அதில் வெளியேற வேண்டிய கழிவு குறைந்திருக்க முடியும்.

கண்டறிய இரண்டு எளிய சோதனைகள் போதும். ஒன்று, சிறுநீரில் அல்புமின் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, இரத்தத்தில் கிரியேட்டினின். நம் ஊரில் "உப்பு ஏறியிருக்கு" என்று சொல்வது இந்தக் கிரியேட்டினினையும் யூரியாவையும்தான். கிரியேட்டினின் எண்ணைத் தனியாகப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அதோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டு வேகமே, அதாவது ஜிஎஃப்ஆர் எண்ணே, நிலைமையைச் சொல்லும். 60 வயதுப் பெண்ணுக்குக் கிரியேட்டினின் 1.4 என்று வந்தால் அறிக்கையில் அது சற்றே கூடுதலாக மட்டும் தெரியும். கணக்கிட்டால் ஜிஎஃப்ஆர் ஏறத்தாழ 43. அவர் ஏற்கெனவே நோயின் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறார்.

கட்டங்கள் ஐந்து. 90க்கு மேல் இருந்து புரதக் கசிவு போன்ற பாதிப்பு தெரிந்தால் முதல் கட்டம். அதே பாதிப்போடு 60 முதல் 89 வரை இருந்தால் இரண்டு. 30 முதல் 59 வரை மூன்று. 15 முதல் 29 வரை நான்கு. 15க்குக் கீழே ஐந்து. மூன்றாம் கட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரை போவதே இல்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும்தான்.

யாருக்கு வருகிறது

சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள். நெஃப்ரைட்டிஸ் வகை அழற்சிகள், பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரகம், அடைப்பை உண்டாக்கும் கற்கள், நீண்ட நாள் விழுங்கும் வலி மாத்திரைகள் ஆகியவை அடுத்து வருகின்றன.

இந்தப் பட்டியலில் அடங்காத ஒரு கூட்டமும் உண்டு. சர்க்கரையோ அழுத்தமோ இல்லாத விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும் நடுவயதிலேயே சிறுநீரகத்தை இழப்பது உலகின் பல வெப்பப் பகுதிகளில் பதிவாகியிருக்கிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் தென்னையும் முந்திரியும் செழித்த உத்தானம் பகுதி அப்படிப்பட்டது. இலங்கையின் அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் 1990களிலிருந்து நெல் விவசாயிகளை இந்நோய் தாக்கிவருகிறது; வவுனியாவும் தப்பவில்லை. பொலன்னறுவையில் சீன உதவியுடன் கட்டப்பட்ட சிறுநீரகச் சிறப்பு மருத்துவமனை 2021இல் திறக்கப்பட்டது. எல் சால்வடார், நிகராகுவா நாடுகளின் கரும்பு வெட்டுவோரிடமும் இதே கதைதான். நிலத்தடி நீர், பூச்சிமருந்து, வெயிலில் நீர் வற்றிய உடலோடு செய்யும் கடும் உழைப்பு எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. இறுதி விடை இன்னும் இல்லை. வெயிலில் வேலை செய்பவருக்கு நிழலும் ஓய்வும் குடிநீரும் உறுதி செய்வதற்கு அந்த விடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தள்ளிப்போட முடியும்

சிறுநீரக நோயின் வேகத்தைக் குறைக்க மருத்துவத்திடம் வலுவான கருவிகள் இருக்கின்றன. கேப்டோப்ரில் மருந்து சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று 1993இல் ஓர் ஆய்வு காட்டியது. லோசார்ட்டானுக்கும் அந்த ஆற்றல் உண்டு என்பது 2001இல் உறுதியானது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரிதாக எதுவும் வரவில்லை. 2019இலிருந்து நிலைமை மாறியது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் 'கிளிஃப்ளோசின்' வகை மாத்திரைகள் சிறுநீரகச் சரிவைத் தடுப்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரியவந்தது. 2020இல் வெளியான டாபாகிளிஃப்ளோசின் ஆய்வில் 4,304 பேர் பங்கேற்றார்கள். செயல்திறன் கடுமையாகச் சரிவது, கடைசிக் கட்டத்தை அடைவது, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ இறப்பது ஆகியவற்றின் ஆபத்து ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. அதே ஆண்டில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததால் விலையும் சரிந்தது.

ஆனால் விலை உயர்ந்த மருந்தும் பெரிய மருத்துவமனையும் இருந்தால்தான் நோயைத் தடுக்க முடியும் என்பதில்லை. இதை நிரூபித்தவர் சென்னையின் மூத்த சிறுநீரகவியல் மருத்துவர் எம்.கே. மணி. அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் சுமார் 25,000 பேரை எடுத்துக்கொண்டது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளந்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ராலசின், மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு போன்ற மலிவான பழைய மருந்துகளைக் கொண்டே பெரும்பாலோரின் அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தலைக்கு ஆன செலவு ஆண்டுக்குச் சில ரூபாய்கள் மட்டுமே. இந்த அனுபவம் சர்வதேச மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

இன்று தமிழ்நாட்டில் அந்த எண்ணம் அரசுத் திட்டமாக விரிந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்தும் தலைசுற்றல் வந்தால் மட்டும் மாத்திரை போடும் பழக்கம் ஒழிந்தால், அதுவே ஆயிரக்கணக்கான டயாலிசிஸ்களைத் தவிர்க்கும்.

எதைச் சாப்பிடக் கூடாது என்பதும் சிகிச்சையின் பாதி. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள், பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுப்பவை. 'பக்கவிளைவே இல்லாத மூலிகை' என்ற விளம்பரங்களை நம்பிக் கையிலிருக்கும் மருந்தை நிறுத்துபவர்கள் பலர். மூலிகையானாலும் சிறுநீரகத்தைக் கெடுக்க முடியும். பெல்ஜியத்தில் உடல் இளைக்கத் தரப்பட்ட சீன மூலிகைக் கலவையால் பல பெண்கள் சிறுநீரகத்தை இழந்தது 1993இல் வெளியே தெரிந்தது. குற்றவாளி அரிஸ்டோலோகிக் அமிலம். நம் ஆடுதீண்டாப்பாளையும் அந்த அமிலம் கொண்ட தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அடுப்படியில் நடக்கும் சிகிச்சை

உணவுக் கட்டுப்பாடு என்றதும் வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். பருப்பு கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது. கடைசியில் கஞ்சி மட்டும் மிஞ்சுகிறது. நோயாளி மெலிந்து தளர்ந்துபோகிறார். எந்தக் கட்டத்தில் எது, எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

எல்லோருக்கும் பொதுவானது உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது சமன் செய்த ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், மிக்சர் ஆகியவற்றில்தான் கணக்குத் தப்புகிறது. இந்துப்பு நல்லது என்று மாறுபவர்கள் கவனிக்க வேண்டும்: அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரக நோயாளிக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பொட்டாசியம் இரத்தத்தில் அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுபோக முடியும். ஆகவே பரிசோதனையில் பொட்டாசியம் கூடியிருப்பவர் இளநீர், வாழைப்பழம், முருங்கைக்கீரை, பழச்சாறு, உலர்பழங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சை வெளியேற்றப் பழுதான சிறுநீரகத்தால் முடியாது. விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது.

புரதத்தின் கணக்கு வேறு. டயாலிசிஸுக்கு முன் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.8 கிராம் அளவு போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். டயாலிசிஸ் தொடங்கியபின் அது 1.0 முதல் 1.2 கிராம் வரை உயர வேண்டும். சிகிச்சையிலேயே புரதம் இழக்கப்படுவதுதான் காரணம். இந்த மாற்றம் பல வீடுகளுக்குச் சொல்லப்படுவதே இல்லை. டயாலிசிஸ் தொடங்கியவருக்கு முட்டை வெள்ளைக்கரு மருந்துக்குச் சமம் என்று தெரியாமல், பழைய பத்தியத்தையே தொடர்கிறார்கள்.

கை நரம்பைக் காப்பாற்றுதல்

டயாலிசிஸ் என்பது எந்திரத்தைவிட இரத்தக் குழாயைச் சார்ந்த சிகிச்சை. 1943இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், நாள்பட்ட நோயாளிக்கு அது பயன்படவில்லை. 1960 மார்ச்சில் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாய் ஒன்றைக் கையில் நிலையாகப் பொருத்தினார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன் பிறகு 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1966இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெஷியாவும் சிமினோவும் இன்னும் நல்ல வழியை வெளியிட்டார்கள். மணிக்கட்டில் தமனியைச் சிரையோடு தைத்துவிட்டால், அழுத்தமான இரத்தம் பாய்ந்து சிரை தடித்து, ஊசி தாங்கும் அளவுக்கு வலுப்பெறும். இன்றும் மிகச் சிறந்த வழி அந்த ஃபிஸ்டுலாதான்.

அது முதிர்வதற்குக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில். முதல் முயற்சி தோற்றால் மறுபடி செய்ய வேண்டும். எனவே டயாலிசிஸ் தேவைப்படும் என்று கணிக்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே அறுவைச் சிகிச்சை முடிந்திருப்பது நல்லது. ஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இறங்கியதுமே நோயாளி சிறுநீரகவியல் மருத்துவரின் தொடர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். 20ஐ நெருங்கித் தொடர்ந்து சரிந்துகொண்டிருந்தால் ஃபிஸ்டுலா பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

அதுவரை வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்கையைக் காக்க வேண்டும். இரத்தம் எடுக்க வந்தாலும் டிரிப்ஸ் போட வந்தாலும் "இந்தக் கையில வேணாம் சிஸ்டர், புறங்கையில எடுங்க" என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஃபிஸ்டுலா வைத்தபின் அந்தக் கையில் அழுத்தம் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இறுக்கமான வளையலோ கடிகாரமோ அணியக் கூடாது. தினமும் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிர்வு நின்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த ஏற்பாடு இல்லாதவருக்குக் கழுத்தில் குழாய் போடுகிறார்கள். உடனடி உயிர் காக்க அது உதவும். ஆனால் குழாய் இரத்தத்துக்குள் கிருமி நுழையும் வழியாகிறது. குளிர்காய்ச்சலோடு வார்டில் சேர்க்கப்படும் டயாலிசிஸ் நோயாளிகளிடம் மருத்துவர் முதலில் பார்ப்பது அந்தக் குழாயைத்தான்.

தயாரிப்பில் இன்னொன்று ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. சிறுநீரக நோயாளிகளுக்கு வழக்கமான அளவைவிட இரு மடங்கு, ஆறு மாதங்களில் நான்கு தவணை. சிறுநீரகம் மேலும் பழுதாகும் முன் போட்டால்தான் எதிர்ப்பாற்றல் நன்றாக உருவாகும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வாய்ப்புள்ளவர்கள் தேவையில்லாமல் இரத்தம் ஏற்றிக்கொள்வதைத் தவிர்ப்பதும் இந்தத் தயாரிப்பில் சேரும். பிறர் இரத்தம் உடலில் எதிர்ப்பொருள்களை உருவாக்கி, பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கிவிடும்.

எப்போது தொடங்குவது

"ஒரு தடவை டயாலிசிஸ் செஞ்சா நிறுத்தவே முடியாதாமே" என்ற அச்சம் தமிழ்க் குடும்பங்களில் ஆழமானது. வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி, எலிக்காய்ச்சல் போன்றவற்றால் திடீரெனச் செயலிழந்த சிறுநீரகம் பல நேரம் மீண்டுவிடும்; அவர்களுக்கு டயாலிசிஸ் சில வாரங்களோடு முடியும். நாள்பட்ட நோயில் அது தொடர்வதற்குக் காரணம் சிறுநீரகம் முடிந்துபோனதுதான். டயாலிசிஸ் அதை முடித்துவைக்கவில்லை.

அதே சமயம் எண்ணைப் பார்த்து அவசரப்படவும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, ஜிஎஃப்ஆர் 10 முதல் 14 இருக்கும்போதே தொடங்கியவர்களையும், 5 முதல் 7 வரை காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டது. உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை. காத்திருந்தவர்களுக்குச் சராசரியாக ஆறு மாத காலம் டயாலிசிஸ் இல்லாமல் கிடைத்தது. ஆனால் அவர்கள் கண்காணிப்பில் இருந்தபடி காத்திருந்தார்கள். நான்கில் மூவர் தொந்தரவுகள் தோன்றியதால் இலக்கு எண்ணை எட்டும் முன்பே சிகிச்சைக்கு மாறினார்கள். விடாத வாந்தி, மருந்துக்கு அடங்காத நீர்த் தேக்கம், படுத்தால் மூச்சிரைப்பு, ஏறிக்கொண்டே போகும் பொட்டாசியம், மனக்குழப்பம் ஆகியவை இனியும் காத்திருக்கக் கூடாது என்பதற்கான அறிகுறிகள்.

நான்கு வழிகள்

முதலாவது, எல்லோரும் அறிந்த இரத்த டயாலிசிஸ். வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். ஒவ்வொரு முறையும் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் சவ்வின் மறுபுறம் ஓடி இரத்தத்தின் கழிவை வாங்கிக்கொள்கிறது. ஆரோக்கியமான சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்யும் வேலையை எந்திரம் 12 மணி நேரத்தில் செய்ய முயல்கிறது. நம் நாட்டில் பணமும் தூரமும் காரணமாகப் பலர் வாரம் இரு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்போது 8 மணி நேரம்தான் மிஞ்சுகிறது.

இரண்டாவது, வயிற்று டயாலிசிஸ். வயிற்றில் மென்குழாய் பொருத்தி, இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டுச் சில மணி நேரம் கழித்து வடித்துவிட வேண்டும். வழக்கமாக நாளுக்கு நான்கு முறை, வீட்டிலேயே. நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை, வேலையை விட வேண்டியதில்லை. ஹாங்காங் 1985இலிருந்தே இதற்கு முன்னுரிமை தந்து வெற்றி கண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான திரவப் பைகளை மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே கொண்டுதருகிறது. கை கழுவும் ஒழுக்கமும் சுத்தமான ஒரு மூலையும் கட்டாயம். வடியும் நீர் கலங்கினால் தொற்று என்று பொருள். எந்திரத்திலிருந்து தொலைவில் வாழும் கிராமத்தவர்களுக்குப் பொருந்தும் இந்த வழி, நம்மிடம் போதிய அளவு விளக்கப்படுவதில்லை.

மூன்றாவது, மாற்றுச் சிறுநீரகம். பொருத்தமானவர்களுக்கு இதுவே மிகச் சிறந்தது. டயாலிசிஸ் தொடங்கும் முன்பே செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றம் 1971இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் நடந்தது. 2008இல் இளைஞர் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவருடைய பெற்றோர் கொடையளித்த பிறகு, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கொடையில் தமிழ்நாடு முன்னோடியானது. கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் உயிரோடு சிறுநீரகம் தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்ற நிலை மாறவில்லை. 1994 சட்டம் விற்பனையைத் தடை செய்தும், நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தின் விசைத்தறித் தொழிலாளர்களிடம் கடனைக் காட்டிச் சிறுநீரகம் வாங்கப்பட்ட செய்தி 2025இல் வெளிவந்தது.

நான்காவது வழியைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. மிக முதிர்ந்த வயது, தளர்ந்த இதயம், மறதி நோய் எனப் பல சுமைகள் உள்ளவருக்கு டயாலிசிஸ் ஆயுளை அதிகம் நீட்டாமல் மருத்துவமனை நாட்களை மட்டும் கூட்டக்கூடும். அவர்களுக்கு டயாலிசிஸ் இல்லாமலே மூச்சிரைப்பையும் அரிப்பையும் வலியையும் தணித்து, வீட்டில் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை முறையாக உண்டு. "அப்பாவைக் கைவிட்டுட்டோம்" என்ற குற்றவுணர்வு பிள்ளைகளுக்குத் தேவையில்லை. அப்பாவிடமே கேட்டு எடுக்க வேண்டிய முடிவு அது.

பணம், வேலை, நாட்கள்

1962இல் சியாட்டிலில் எந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யாருக்கு இடம் என்பதை ஊர்மக்கள் குழு ஒன்று தீர்மானித்தது. பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்க நாடாளுமன்றம் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2016 நிதிநிலை அறிக்கையில் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு இலவசம். அப்போதைய அரசு மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாகக் கடைசிக் கட்டத்தை அடைகிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்குப் பொருந்தும். 1993இல் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை போன்றவை ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்திலும் இலவசமாகவும் சிகிச்சை தருகின்றன. இருந்தாலும் பேருந்துக் கட்டணம், இரத்தம் ஊற ஊசி, கூட வருபவரின் இழந்த கூலி ஆகியவை எந்தக் காப்பீட்டு அட்டையிலும் ஏறுவதில்லை. ஆவணங்களை நான்காம் கட்டத்திலேயே தயார் செய்துகொண்டால் அவசர நேரத்தில் நகையை அடகு வைக்கும் நிலை தவிரும்.

டயாலிசிஸோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. நெருக்கடி நிலைக் காவலில் சிறுநீரகம் பழுதான ஜெயப்பிரகாஷ் நாராயண் 1975 முதல் 1979 அக்டோபர் வரை டயாலிசிஸில் வாழ்ந்தார். ஜனதா கட்சி உருவானதும் ஆட்சியைப் பிடித்ததும் அந்த ஆண்டுகளில்தான். பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் அவரைக் கவனித்தவர் அதே எம்.கே. மணி. ஹைதராபாத்தின் கமல் ஷாவுக்கு 1997இல் இளவயதிலேயே சிறுநீரகம் செயலிழந்தது. அவர் வீட்டிலேயே இரவு டயாலிசிஸ் செய்துகொண்டார், நிறுவனத்தில் வேலை பார்த்தார், பின்னர் நாடெங்கும் கிளைகள் கொண்ட டயாலிசிஸ் மையங்களின் இணை நிறுவனரானார்.

இவர்கள் விதிவிலக்குகளாக நின்றுவிடாமல் இருக்க, ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் நான்காம் கட்ட நோயாளிகளுக்கென்று வாரம் ஒரு நாள் தனிப் பிரிவு வேண்டும். மருத்துவரோடு உணவு ஆலோசகர், செவிலியர், காப்பீட்டுப் பணியாளர், ஏற்கெனவே டயாலிசிஸில் வாழும் ஒருவர் எனச் சிலர் அங்கே இருந்தால் போதும். அதுவரை நோயாளியும் குடும்பமும் அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: என் ஜிஎஃப்ஆர் இப்போது எவ்வளவு, கடந்த ஆண்டு எவ்வளவு இருந்தது? சிறுநீரில் புரதம் எவ்வளவு கசிகிறது? எந்தக் கையைக் காப்பாற்ற வேண்டும்? தடுப்பூசி எப்போது? வயிற்று டயாலிசிஸ் எனக்குப் பொருந்துமா? மாற்றுச் சிறுநீரகத்துக்கு யார் யார் பரிசோதித்துக்கொள்ளலாம்?